தகடு வனையும் கையும் கணினியும்

நம் சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கும் பாத்திரங்களுள் ஒன்றை எடுத்து, அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குளத்தில் கல் எறிந்தாற்போல் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒன்றைச் சூழ்ந்து ஒன்றாக மெல்லிய வளையங்கள் தெரியக்கூடும். மெருகிடும் சக்கரமும் இத்தகைய வளையங்களை விட்டுச் செல்வதுண்டாதலால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறிவிட முடியாது. ஆயினும், அடிப்பாகம் ஒரு கனமாகவும், சுவர் சற்றே வேறு கனமாகவும் இருந்து, விரல்நுனிக்கு மெல்லிய அலைபோன்ற மேடுபள்ளங்களும் தட்டுப்படுமானால், அப்பாத்திரம் வட்டத் தகடாக இருந்து, சுழலும் இயந்திரத்தில் வனையப்பட்டது என்று பெரும்பாலும் உறுதியாகக் கூறலாம்.

வனைதல் என்பது குயவருக்குரிய சொல் அன்றோ என்று வாசகர்கள் கேட்கலாம். இறைவாக்கினர் எரேமியா குயவன் வீட்டுக்குச் சென்று, சக்கரத்தின்மேல் களிமண் கலமாக எழுவதைக் கண்டதை விவிலியத்தில் வாசித்திருக்கிறோம். உலோகத் தகட்டிலும் நடப்பது ஏறக்குறைய அதுவே. பட்டறைகளில் இதனை ‘ஸ்பின்னிங்’ என்கிறார்கள். வட்டமாக வெட்டிய தகட்டுக்குச் ‘சர்க்கிள்’ என்று பெயர். பாத்திரத்தின் உள்வடிவத்தில் கடைந்த மரக்கட்டை அல்லது இரும்புக் கட்டையாகிய அச்சினை லேத்தில் பூட்டி, அதன் முகத்தில் சர்க்கிளை வைத்து, எதிர்ப்புறத்திலிருந்து இறுக்கிப் பிடித்து, இரண்டையும் ஒருசேரச் சுழல விடுகிறார்கள். சுழலும் தகட்டின்மேல் முனை மழுங்கிய நீண்ட எஃகுத் தடியை அழுத்தி அழுத்தி வருடினால், தகடு சிறிது சிறிதாகப் பின்னோக்கிச் சாய்ந்து அச்சின்மீது படிகிறது. வெட்டுவதில்லை; சீவுவதில்லை; துகள் ஒன்றும் விழுவதில்லை. இருக்கின்ற உலோகமே இடம் பெயர்கிறது.

எத்தனை பெரிய சர்க்கிள் வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. 20 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள நேர்ச்சுவர்ப் பாத்திரம் ஒன்றை வனைய, ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகடு தேவை. அத்தகட்டின் வெளி வட்டம் சுருங்கிச் சுருங்கிப் பாத்திரத்தின் வாயாகிறது. இவ்வாறு சுருங்கும்போதுதான் தொல்லை பிறக்கிறது. மிகுதியான உலோகத்துக்குப் போக்கிடம் இல்லாமையால், பாவாடைக் கொசுவம்போல் மடிப்பு விழப் பார்க்கும். ஒருமுறை ஆழமாக மடிப்பு விழுந்துவிட்டால் அத்தகடு பழைய உலோக வியாபாரியிடம் செல்லவேண்டியதுதான்.

வழி காட்டியது நம் நகரம்

இத்தொழிலுக்கும் சென்னைக்கும் உள்ள உறவு நெடியது. 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப் பள்ளி, இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்னும் பெயரில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது. 1898-இல் அப்பள்ளியில்தான் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் பிரிவைத் தொடங்கினார். 1886-இல் அமெரிக்காவில் ஹாலும், பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்டறிந்த மின்பகுப்பு முறையால் அலுமினியத்தின் விலை அப்போது வெகுவாக இறங்கியிருந்தது. பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்குக் காலந்தோறும் ஈயம் பூசவேண்டும். பூச்சு தேய்ந்தால் புளிக்குழம்பில் களிம்பு ஏறும். ஈயமே வேண்டாத, எடை குறைந்த ஓர் உலோகத்தை நம் கன்னார்களின் கையில் கொடுத்தால் அவர்களுக்கு வாழ்வும், இல்லங்களுக்கு நலமும் உண்டாகும் என்பது அவருடைய எண்ணம். முயற்சி வென்றது. 1903-இல் அப்பிரிவை இந்தியன் அலுமினியம் கம்பெனி என்னும் தனியார் நிறுவனம் விலைக்கு வாங்கிக்கொண்டது.

அரசாங்கம் தொழில் நடத்தித் தனியார் வணிகத்தில் குறுக்கிடுவதா என்று ஆங்கிலேய வணிகர்கள் முறையிட்டனர். 1910-இல் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மார்லி பிரபு இம்மாதிரி முயற்சிகளுக்குத் தடை விதித்தார். சாட்டர்டன் பின்னர் மைசூர் அரசின் பணிக்குச் சென்றார். நம் பாட்டிமார் பயன்படுத்திய அலுமினியத் தேக்சாக்களுக்குப் பின்னால் இத்தனை வரலாறு உண்டு என்பதைத் தேக்சாவைப் பார்த்தால் யாரும் ஊகிக்க முடியாது.

அலுமினியத்துக்குப் பின் வந்தது எவர்சில்வர். இச்சொல்லை ஆங்கிலேயர் அறியார். ஆங்கிலத்தில் நாமே செய்துகொண்ட சொல் இது. 1913-இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகின் வழிவந்தது. நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்த வகை, பாத்திரத் தொழிலில் உயர்ந்ததாக மதிக்கப்படுகிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு வகையும் உண்டு. 1981-இல் சேலம் உருக்காலை தன் உற்பத்தியைத் தொடங்கியபின் ‘சேலம் எவர்சில்வர்’ என்பது தமிழ் இல்லத்தரசிகளின் வாயில் தரத்துக்கு மறுபெயராயிற்று. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலும், மயிலாப்பூர் மாடவீதிகளிலும் கூரை முட்ட அடுக்கியிருக்கும் பாத்திரங்கள் பெரும்பாலும் எவர்சில்வரே.

கை அறியும் செய்தி

கையால் வனைபவரை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தடியின் பிடி முழங்கையையும் கடந்து அக்குளுக்குள் புகுந்திருக்கும். அழுத்துவது கை அன்று. இடுப்பும் தோளும் சேர்ந்த முழு உடல். லேத்தின் முன் பதித்த முளையைத் தடிக்கு நெம்புகோல் முட்டாகக் கொண்டு, உடலை ஊஞ்சல்போல் சாய்த்துச் சாய்த்து அவர் தகட்டை இழுக்கிறார். மறு கையில் இன்னொரு கட்டை. தகட்டின் பின்புறத்தில் அதைத் தாங்கலாகக் கொடுத்து, மடிப்பு விழாமல் காக்கிறார். தகட்டின்மேல் கொழுப்போ சோப்போ தடவியிருக்கும். இல்லையேல் தடியும் தகடும் ஒன்றையொன்று பற்றிக் கீறிவிடும். ஓரடி அகலமுள்ள அலுமினியத் தகடு நிமிடத்துக்கு 600 முதல் 1000 முறை வரை சுழல்கிறது. தகடு பெரிதாகப் பெரிதாக வேகத்தைக் குறைக்கவேண்டும்.

அவருடைய கண்ணைவிடக் காதும் கையுமே மிகுதியாக உழைக்கின்றன. தகடு அச்சில் படிந்த இடத்தில் ஓர் ஒலி. படியாமல் இடைவெளி இருக்கும் இடத்தில் வேறோர் ஒலி. உலோகம் வளைய வளைய இறுகும் இயல்புடையது. இறுகுவதை முதலில் உணர்வது உள்ளங்கை. அப்போது வேலையை நிறுத்தி, தகட்டைச் சூடேற்றி இளக்கவேண்டும். அலுமினியத்தை இளக்குவதில் ஓர் இடர் உண்டு. இரும்பைப்போல் அது சிவந்து எச்சரிக்கை செய்வதில்லை. நிறம் மாறாமலேயே 660 பாகை செல்சியசில் திடீரென உருகிவிடும். ஆகவே தகட்டின்மேல் சோப்பைத் தேய்த்துவிட்டு நெருப்புக் காட்டுகிறார்கள். சோப்பு கருகிக் கறுத்ததும் தகடு இளகிவிட்டது என்று அறிந்து நெருப்பை விலக்குகிறார்கள். வெப்பமானி இல்லாத பட்டறையில் ஒரு துண்டுச் சோப்பு வெப்பமானியாகிறது!

எவர்சில்வர் இவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. அலுமினியத்தைவிட அது பன்மடங்கு வலியது, விரைவில் இறுகுவது. நிக்கல் குறைந்த மலிவு வகை இன்னும் முரண்டு பிடிக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேற்பட்ட எவர்சில்வரைக் கையால் வனைவது மிகக் கடினமான வேலை. நாள் முழுதும் இதைச் செய்பவரின் தோள்மூட்டும் முதுகும் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அதோடு, சரியாக இறுக்கப்படாத தகடு சுழற்சியின் வேகத்தில் பிய்த்துக்கொண்டு பறந்தால், அதன் விளிம்பு கத்திக்குச் சமம். தோளில் துண்டும், இடுப்பில் லுங்கியுமாக நின்று இவ்வேலையைச் செய்யும் வழக்கம் எத்தனையோ சிறு பட்டறைகளில் இருந்திருக்கிறது. அதைக் கைத்திறமையின் அழகு என்று போற்றுவது, வேலை செய்யாதவர்க்கு மட்டுமே எளிது.

கணினி கற்றுக்கொண்ட விதம்

இயந்திரத்தைக் கட்டளைகளால் இயக்கும் முறை 1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. ஹெலிகாப்டர் இறக்கைகளைத் துல்லியமாகச் செய்ய விரும்பிய ஜான் பார்சன்ஸ் என்பவரின் எண்ணத்தில் உதித்தது அது. கடைவதற்கும் துளையிடுவதற்கும் விரைவில் பயன்பட்ட அம்முறை, தகடு வனையும் தொழிலுக்கு அத்தனை எளிதாக வந்து சேரவில்லை. காரணம் எளிது. இரும்பைச் சீவும்போது கருவி எங்கே செல்கிறதோ அங்கே வடிவம் பிறக்கிறது. தகட்டை வனையும்போதோ, கருவி சென்ற இடத்திலிருந்து தகடு சற்றே மீண்டு வருகிறது. எத்தனை முறை வருடவேண்டும், ஒவ்வொரு முறையும் எந்த வளைவில் போகவேண்டும் என்பவற்றை வரைபடம் சொல்வதில்லை. பாத்திரத்தின் இறுதி வடிவம் மட்டுமே வரைபடத்தில் உண்டு. அங்கே போய்ச் சேரும் வழி வனைபவரின் உடலில் இருந்தது.

ஆகவே பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். தேர்ந்த வனைஞர் ஒருவரை இயந்திரத்தின் முன் அமர்த்தி, கையில் ஒரு சிறு நெம்புபிடியைக் கொடுத்தார்கள். அவர் அதை அசைக்க, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் உருளை அவர் விருப்பப்படி தகட்டை அழுத்தியது. அவர் வனைந்து முடித்த ஒரு பாத்திரத்தின் அசைவுகள் அனைத்தையும் கணினி பதிவு செய்துகொண்டது. பின்னர் அதே அசைவுகளை அது எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்தது, ஒலிநாடாவில் பாட்டைப் பதிந்து திரும்பக் கேட்பதுபோல. முழுக்க முழுக்க எண்களாலேயே வழியமைக்கும் சி.என்.சி. இயந்திரங்கள் இன்று பரவலாக உள்ளன. ஆயினும் பதிந்து திரும்பச் செய்யும் முறையும் மறையவில்லை. நம் ஊரில் கணினி வந்து கைத்தொழிலாளியை விரட்டிவிட்டது என்று பேசுவோர், கணினிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பாடம் சொன்னவருக்குக் குருதட்சிணை கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

கணினியின் வல்லமையைக் குறைத்துச் சொல்வதும் நேர்மையாகாது. கையால் வளைக்க இயலாத கனத்தை அதன் உருளைகள் வளைக்கின்றன. தகட்டைச் சாய்த்துப் படிய வைப்பதோடு நில்லாமல், அதை அழுத்தி மெலிய வைக்கும் முறையும் ஒன்று உண்டு. கூம்பு வடிவத்தை எடுத்துக்கொள்வோம். கூம்பின் நடு அச்சுக்கும் அதன் சுவருக்கும் இடையே 30 பாகைக் கோணம் இருக்குமானால், 2 மில்லிமீட்டர்த் தகடு சரியாக 1 மில்லிமீட்டர்ச் சுவராகிவிடும். இத்தகைய கணக்கைப் பிசகாமல் காப்பது மனிதத் தோளுக்கு அரிது. 2021-இல் கொள்ளைநோயின் இரண்டாம் அலையின்போது நம் மக்கள் வீதிவீதியாகத் தேடி அலைந்த ஆக்சிஜன் உருளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். தையலில்லா எஃகுக் குழாயைப் பழுக்கக் காய்ச்சி, சுழல விட்டு, உருளையால் அழுத்தி அதன் கழுத்தைக் குவிப்பதும் இத்தொழிலின் ஒரு கிளையே. ராக்கெட்டின் எரிபொருள் உறைக்கான மெல்லிய குழாய்களை நீட்டுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கெல்லாம் கைத்தடிக்கு இடமில்லை.

எது எங்கே வெல்கிறது

விரைவு என்று பார்த்தால் வியப்பு ஒன்று காத்திருக்கிறது. எளிய அலுமினியப் பாத்திரம் ஒன்றை வனைவதில், கைதேர்ந்தவருக்கும் கணினிக்கும் இடையே பெரிய வேறுபாடு இராது. வேறுபாடு பிற்பகலில் தெரியும். காலையில் செய்த முதற்பாத்திரமும், மாலையில் செய்த இருநூறாவது பாத்திரமும் இயந்திரத்துக்கு ஒன்றே. களைத்த மனிதருக்கு அப்படியன்று.

ஆனால் தகடு மாறினால் நிலைமை மாறுகிறது. ஒரே தரம் என்று விற்கப்படும் தகடுகளிலும் ஒரு கட்டுக்கும் மறு கட்டுக்கும் கடினத்தில் சிறு வேறுபாடு இருக்கும். கைவினைஞர் முதல் அழுத்தத்திலேயே அதை உணர்ந்து தம் பிடியைத் தளர்த்துவார். சாதாரண சி.என்.சி. இயந்திரமோ நேற்று சென்ற வழியிலேயே இன்றும் சென்று, பத்துத் தகடுகளைக் கிழித்த பிறகே அருகிலிருப்பவர் ஓடிவந்து நிறுத்துவார். அருகிலிருப்பவர் தொழில் தெரிந்தவராக இருந்தால் பத்து, இல்லையேல் ஐம்பது.

எண்ணிக்கையைப் பொறுத்ததே பெரும்பாலும் முடிவு. ஐந்தோ பத்தோ வேண்டுமானால், மரத்தில் அச்சுக் கடைந்து கையால் வனைவதே சிக்கனம். நூற்றுக்கணக்கில் ஒரே அளவில் வேண்டுமானால் கணினி. பல்லாயிரக்கணக்கில் வேண்டுமானால் இரண்டுமே வேண்டாம். விலை மிகுந்த இரும்பு அச்சுகளைக் கொண்ட அழுத்து இயந்திரம், ‘பிரஸ்’, ஒரே அடியில் குவித்துவிடும். நம் வீட்டு எவர்சில்வர் தம்ளர்களில் மிகப் பல இவ்வாறு பிறந்தவையே. எனவே கைத்தொழிலாளிக்குப் போட்டி கணினி மட்டும் என்று எண்ணுவது சரியன்று. கணினி வருமுன்பே பிரஸ் அவரிடமிருந்து தம்ளரையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது. எஞ்சியது, பிரஸ்ஸுக்குள் அடங்காத பெரிய உருவங்களும், சிறு எண்ணிக்கை வேலைகளும். திருமண விருந்துக்குச் சோறு வடிக்கும் பெரிய தேக்சா, திருவிழாவில் கொடிமரத்தருகே கட்டும் கூம்பு ஒலிபெருக்கியின் அலுமினிய வாய், தேர்ப்பவனிக்கு முன் செல்லும் பேண்டு வாத்தியக் குழுவின் எக்காளத்தில் மலர்ந்த முகம் ஆகியவை யாவும் சுழலும் தகட்டில் வனைதற்குரியவை.

பலிபீடத்தின்மேல் இருப்பதையும் இங்கே சேர்க்கலாம். திருக்கிண்ணத்தின் கலமும் அடித்தளமும் தகட்டில் வனைந்து, நடுக்குமிழை வார்த்து, மூன்றையும் பொருத்துவது நெடுங்கால வழக்கம். துருப்பிடிக்கும் உலோகமோ, பொன்னைவிடத் தாழ்ந்த உலோகமோ ஆனால் உட்புறத்தில் பொன்முலாம் இருக்கவேண்டும் என்பது திருச்சபையின் பொது ஒழுங்கு. எளிதில் உடையும் கண்ணாடி, மண் முதலியவை ஆகா என்பதை 2004-ஆம் ஆண்டு வெளியான ரோமை ஒழுங்குமுறை ஏடு வலியுறுத்தியது. ஒரு பங்குக்கு எத்தனை திருக்கிண்ணங்கள் வேண்டியிருக்கும்? இரண்டோ மூன்றோ. நெளிந்துபோன பழைய கிண்ணத்தை மீண்டும் அச்சில் ஏற்றி நெளிவெடுப்பதற்குப் பொறுமையுள்ள கை வேண்டும். அதற்கென்று கணினிக்குக் கட்டளை எழுதிக்கொண்டிருக்க யாருக்கும் கட்டுப்படியாகாது.

வீட்டில் எழும் கேள்வி

அடையாற்றுக்கு அண்மையில் உள்ள கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் அமைந்தது. அதைப் போன்ற பேட்டைகளிலும், வட சென்னையின் எவர்சில்வர்ப் பட்டறைகளிலும், திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்திலும் உழைக்கும் குடும்பங்களில் இன்று எழும் கேள்வி எளிதானதன்று. சிறு பட்டறை வைத்திருக்கும் தந்தை கடன் வாங்கிச் சி.என்.சி. இயந்திரம் வாங்குவதா? மகனைத் தம் லேத்தின் அருகே நிறுத்திக்கொள்வதா, தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்புவதா?

முதற் கேள்விக்கு ஆசைப்பட்டு விடை சொல்லக்கூடாது. மாதந்தோறும் தவணை கேட்கும் இயந்திரத்துக்கு மாதந்தோறும் ஒரே அளவில் வேலை வரவேண்டும். திருமண மாதங்களில் குவிந்து, ஆடியில் வறண்டுபோகும் வியாபாரத்தை நம்பி அதை வாங்குவோர் இன்னலுக்கு ஆளாவர். ஒரே பொருளை ஆண்டு முழுதும் கேட்கும் தொழிற்சாலை ஒன்றின் உறுதியான ஆணை கையில் இருந்தால் துணியலாம். இல்லையேல் கையால் இயக்கும் லேத்துக்கே எண்ணெய் அழுத்த உருளை பொருத்திக்கொள்வது போன்ற இடைவழி நல்லது. உடல் வலி குறையும், திறமை வீணாகாது, கடனும் சிறிது.

இரண்டாவது கேள்வியைப் பொறுத்தவரை, ‘இதுவா அதுவா’ என்று பிரிப்பதே தவறு என்பது என் கருத்து. வனையத் தெரியாமல் கணினியின் பொத்தானை மட்டும் அழுத்தக் கற்ற இளைஞன், தகட்டை ஏற்றி இறக்கும் ஆளாகவே நின்றுவிடுவான். அவனுக்குப் பதில் இன்னொருவனை ஒரே நாளில் அமர்த்தலாம். கணினியே அறியாத வனைஞனோ, தனக்குப் பின் தன் கலையை விட்டுச்செல்ல வழியின்றி முதுமை அடைவான். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல், தொழில்நுட்பம் மனிதனுக்குத் தோழனாகவும் சில வேளைகளில் ஏறக்குறைய பகைவனாகவும் ஆகக்கூடும் என்று எடுத்துரைத்தது. எந்தப் பக்கம் சாயும் என்பதை, மேற்சொன்ன இளைஞன் இயந்திரத்தின் எந்தப் புறத்தில் நிற்கிறான் என்பது பெருமளவு தீர்மானிக்கிறது.

தொழிற்பயிற்சி நிலையங்களில் டர்னர், மெஷினிஸ்ட் பிரிவுகள் இரண்டாண்டுப் படிப்புகள். கிண்டியிலும் அரசினர் நிலையம் உண்டு. லேத், அளவுக் கருவிகள், வரைபடம் வாசித்தல், சி.என்.சி. அடிப்படை ஆகியவை அங்கே கிடைக்கும். தகடு வனைதலோ பட்டறையிலேயே, அலுமினியத்தில் தொடங்கிப் பித்தளை வழியாக எவர்சில்வருக்கு வரவேண்டிய பாடம். பிள்ளையைப் பட்டறையில் சேர்க்குமுன் பெற்றோர் சில செய்திகளைக் கேட்டறிவது நன்று. சுழலும் தகட்டுக்குமுன் தடுப்பு இருக்கிறதா? ஈ.எஸ்.ஐ. காப்புறுதி உண்டா? தளர்ந்த உடையும் துண்டும் இல்லாமல் வேலை செய்ய வைக்கிறார்களா? இயந்திரத்துக்குக் கட்டளை எழுதும் மேசையில் பயிற்சியாளனை உட்கார விடுவார்களா, அல்லது தகடு அடுக்கும் இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைப்பார்களா? கடைசிக் கேள்விக்குப் பட்டறைக்காரர் நேரடியாக விடை சொல்லாவிட்டால், வேறு பட்டறை பார்க்கலாம்.